ஐந்து ராத்திரிக் கிடை

முடி காயவைக்கிற மிஷினா என்றுதான் முதலில் கேட்டேன்.
ஜெபக்கனிக்குச் சிரிப்பு.
வன்னிக்கோனேந்தல் உழவர் கம்பெனியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவள்,
ஏக்கருக்கு நூற்றைம்பது வாடகை,
செருப்பை வரப்பில் விட்டுவிட்டு
வெறுங்காலோடு கரிசலில் இறங்கினாள்.

கார்த்திகை மழை ஓய்ந்து ஆறு நாள்.
மண் இன்னும் காலை விடுவதாயில்லை.
பருத்திக்கு வயசு நாற்பத்திரண்டு.
சப்பை வைக்கிற பருவம். மேலுரத்துக்கு இதுதான் பதம்;
மூன்று மூட்டை யூரியாவுக்குக் கடையில் சொல்லியாயிற்று.

தெற்குப் பிஞ்சைக்காரர் போன வாரமே போட்டுவிட்டார்.
பஸ்ஸில் போகிறவன் கழுத்தைத் திருப்பும் பச்சை.
இலையைப் புரட்டினால் தத்துப்பூச்சி,
சப்பையை எண்ண ஒரு கை போதும்.

எனக்கு நாலு சால்தான் அப்படி.
விதைத்த இருபதாம் நாள் அந்த நாலுக்கு மட்டும்
வஞ்சகமில்லாமல் போடச் சொன்னாள்.
ஏன் என்றதற்கு,
"பசிய அளக்கணும்னா பக்கத்துல ஒருத்தராவது
வயிறாரச் சாப்ட்டிருக்கணும்லாக்கா."

செடிக்கு மேலே இரண்டு முழம். விசையை அழுத்தி நடக்கணும்.
கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு ஒன்று போகிறதாம்,
தெரியாத சிவப்பு ஒன்று.
இலை எதை விழுங்கியது, எதைத் துப்பியது,
அதுதான் கணக்கு.

நாலு சாலில் புள்ளி எழுபத்திநாலு.
மற்ற இடமெல்லாம் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு,
ஐம்பத்தொன்பது.
மேற்கு மூலையில் நாற்பத்துநாலுக்கு விழுந்தது.
அங்கே ஒரு பிடி கூடப் போடணுமோ என்றேன்.
ஒரு செடியைப் பிடுங்கி வேரை மோந்து பார்த்தாள்.
"இது பட்டினி இல்ல, தண்ணி கட்டி மூச்சு முட்டுது.
மிஷினுக்கு ரெண்டும் ஒரே மஞ்சள்தான்.
மம்பட்டி எடுத்து வடிச்சு விடுங்க."

ஓடைக்கரைப் பக்கம் திரும்பினோம்.
எழுபத்திரண்டு.
நின்றாள். பின்னால் வந்தாள். மறுபடி அழுத்தினாள்.
எழுபத்திரண்டு.
"இங்க என்னமும் போட்டியளா?"

நான் போடவில்லை.
ஆடியில் பலவேசம் கோனார் கிடை போட்டிருந்தார்,
முந்நூறு ஆடு, ராத்திரிக்கு எழுநூறு.
தினம் சாயங்காலம் வலையைப் பிடுங்கி
இருபத்தைந்து எட்டு தள்ளி அடிப்பார்.
நான் தங்கச்சி பிரசவத்துக்குப் பாளையங்கோட்டையில்.
வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூரில்.
வந்ததும் அவர் ஐந்து ராத்திரி என்றார்.
மூன்று என்றேன் நான். நாள் எண்ணி, விரல் மடக்கி,
சத்தம் போட்டு, மூன்றுக்குக் கொடுத்தேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
ரூபாயை மடித்துத் தலைப்பாகையில் செருகினார்.

ஜெபக்கனி முன்னால் எண்ணைச் சொல்லிக்கொண்டே போக
பின்னால் நான் எட்டு வைத்தேன், வாய்க்குள் எண்ணியபடி.
எழுபத்தைந்தாம் எட்டில் விழவேண்டும்.
எழுபத்தொன்று.
எழுபத்தாறு, எழுபத்தேழு என்று நடக்கிறேன்;
விழவில்லை.
நூறில் எழுபத்திரண்டு.
நூற்றிருபத்தைந்து எட்டு.
நூற்று இருபத்தெட்டில் ஐம்பத்தெட்டு.

ஆள் இல்லாத ரெண்டு ராத்திரி
நாலு மாசம் கழித்து
இலை வழியாக மேலே வந்து நிற்கிறது.

"இந்த இடத்துக்கு ஒரு மணி யூரியா வேண்டாம்" என்றாள்.
மூன்று மூட்டை இரண்டாச்சு.
மிச்சம் முந்நூறு சொச்சம்; கொடுக்க வேண்டியது ஆயிரத்து நானூறு.
லாபமென்று இதை வீட்டில் சொல்ல முடியாது.

வரப்பில் உட்கார்ந்து காலை வழித்துக்கொண்டே போன் போட்டேன்.
எடுத்தவரின் பின்னால் குட்டிகள் கத்தின.
எந்த ஊர் என்றார். சொன்னேன்.
பேச்சில்லை கொஞ்ச நேரம்.
அஞ்சு ராத்திரிதான், பாக்கி அனுப்புதேன் என்றேன்.
"அஞ்சுன்னுதானம்மா அன்னைக்கே சொன்னேன்."
குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

பருத்தி எப்படி என்று கேட்டார்.
ஓடைக்கரையைப் பார்த்தேன்.
தெற்குப் பிஞ்சை அளவுக்குப் பச்சை இல்லை.

புள்ளி எழுபத்திரண்டு என்றேன்.